விபத்தில்லா நாட்கள் 997

அந்தப் பலகையைச் செய்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ செய்ததைப் பற்றி நான் நியாயம் பேசுவது போல் ஆகிவிடக் கூடாது. எட்டடி அகலம், நான்கடி உயரம், பச்சை வண்ணம், வெள்ளை எழுத்து. "இந்த ஆலையில் விபத்தில்லா நாட்கள்" என்று மேலே எழுதி, கீழே மூன்று கொக்கி வைத்தேன். தினமும் காலை ஆறே முக்காலுக்கு அந்தக் கொக்கிகளில் எண் தகடுகளை மாற்றி மாட்டுவதும் என் வேலைதான். நேற்று நூற்றிருபது என்றால் இன்று நூற்றிருபத்தொன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. அதை நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய்ச் செய்தேன்.

எங்களுடையது அட்டைப்பெட்டி ஆலை. அவ்வளவு பெரிய மெஷின்கள் ஓடுகிற இடத்தில் தச்சனுக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பெட்டி அடுக்குகிற பேலட் உடைந்தால் நான் வேண்டும். அலுவலக மேசை ஆடினால் நான் வேண்டும். காகித ரீல் உருண்டு போகாமல் அடியில் செருகுகிற ஆப்பு தேய்ந்தால் நான் வேண்டும். ஒரு ரீல் தொள்ளாயிரம் கிலோ. அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு முழம்கூட இல்லாத இரண்டு மரத்துண்டு.

முதல் நூறு நாள் அந்தப் பலகையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முந்நூறு தாண்டியதும் உள்ளே வருகிறவர்கள் எண் என்ன என்று பார்த்துவிட்டு வந்தார்கள். ஐந்நூறில் துப்புரவு செய்கிற அம்மா காலையில் முதல் வேலையாக அதைத் துடைத்தார். அறுநூறில் யாரோ அதன் ஓரத்தை விரலால் தொட்டுவிட்டு மெஷினுக்குப் போனார். அடுத்த வாரம் பத்துப் பேர் தொட்டார்கள். எழுநூறு சொச்சத்தில் ஒட்டுப் பிரிவில் இருக்கும் அம்மாவுக்குக் கால் கட்டைவிரல் முறிந்தது. வீட்டுக்காரருடைய பெரிய ஷூவை மாட்டிக்கொண்டு ஆறு வாரம் வேலைக்கு வந்தார், ஒருநாள்கூட லீவு போடவில்லை. அவர் நொண்டிக்கொண்டு உள்ளே வரும்போது நாங்கள் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

இதனால் எங்களுக்குச் சல்லிக்காசு பிரயோஜனம் கிடையாது. ஆயிரம் ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருவார்கள், ஒரு கேடயம் தருவார்கள், எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தோம் என்று சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கலாம். அதுவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிறவன் நான். தீர்க்கதரிசி ஒருவர் தச்சனை வாங்கு வாங்கென்று வாங்குகிற இடம் ஒன்று அதில் உண்டு. ஒருவன் மரத்தை வெட்டுகிறான், ஒரு பாதியை எரித்துக் குளிர்காய்கிறான், மறு பாதியைச் செதுக்கி நிறுத்தி என்னைக் காப்பாற்று என்று அதன் முன்னால் விழுகிறான், கையில் இருப்பது பொய் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை என்று போகும். அந்தப் பகுதி வந்தால் போதகர் வேண்டுமென்றே என்னைக் கூப்பிடுவார். நானும் விடாமல் குரலை ஏற்றி இறக்கி வாசிப்பேன். சபையே சிரிக்கும். "உங்களத்தான் சொல்றாரு" என்று மனைவி முழங்கையால் இடிப்பாள். "நான் செய்யறது பேலட்டும் ஸ்டூலும். அதுங்க கால்ல எவன் விழப் போறான்" என்பேன். விக்கிரகத்துக்குப் பலியாகப் பெற்ற பிள்ளையை நெருப்பில் கொடுத்த ராஜாக்கள் வருகிற இடத்தை மட்டும் வேகமாக வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்படியும் ஒரு அப்பன் இருப்பானா என்று எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. மனைவியின் தம்பிதான் எல்லாம். இவளுக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவனுக்கு மூன்று வயதில் அம்மா போய்விட்டார். இவள்தான் இடுப்பில் தூக்கித் திரிந்து வளர்த்தாள். எனக்குக் கழுத்தை நீட்டியபோது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு வந்த ஒரே சாமான் இவன்தான், அதுவும் கால் முளைத்த சாமான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். சைக்கிள் பழக்கிவிட்டது நான். பத்தாவதில் தோற்றபோது அவனை ஒரு வார்த்தை சொல்லாமல் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போக நினைத்து, கையில் காசில்லாமல் பூங்காவில் உட்காரவைத்துப் பேசி அனுப்பியது நான். இப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தான். ஆலையில் ரீல் கிடங்கில் வேலை. அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

எண் தொள்ளாயிரத்து எழுபது ஆனபோது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஆயிரத்துக்கு நான்கு கொக்கி வேண்டுமே, இந்தப் பலகை போதாது, புதிதாகப் பெரிதாகச் செய்யுங்கள், முன்னால் மூன்று படி வைத்து ஒரு மேடையும் வேண்டும் என்றார். மரம் வாங்க நேரமில்லை. என் கொட்டகையில் கனமான கட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தேன். ரீல் கிடங்குக்கு ஆப்பு செய்ய வந்தவை. நாற்பது ஆப்பு வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தவன் என் மச்சினன்.

நான் அந்தக் கட்டைகளை மேடைக்கு அறுத்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து பார்த்தான்.

"மாமா, அது எங்க கட்டைதானே?"

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?"

"பழைய ஆப்பெல்லாம் தேஞ்சு உருண்டையாயிடுச்சு மாமா. அட்டைய மடிச்சு முட்டு குடுத்துட்டிருக்கோம்."

"ஒரு மாசம் முட்டு குடு. இது முடியட்டும், நாற்பதென்ன, நானூறு செஞ்சு தர்றேன். நீயும்தானே படத்துல நிக்கணும்?"

"அப்ப நான் முன் வரிசை. இப்பவே சொல்லிட்டேன்" என்றான். ரம்பத்தூளை ஊதிவிட்டு, மேடைக்கால் நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் நாள். காலை பதினொன்று பத்து. நான் மேடையின் கைப்பிடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஓடி வந்து, "உங்க மச்சினன்" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

நடந்தது இதுதான். தூணுக்கு ஒரு கெஜ தூரத்தில் நின்ற ரீலின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக் குறித்துவிட்டு அவன் திரும்பியிருக்கிறான். அடியில் முட்டுக் கொடுத்திருந்த அட்டை நசுங்கி வழுக்கியிருக்கிறது. ரீல் வேகமாக ஒன்றும் வரவில்லை. மெதுவாகத்தான் வந்தது என்று பார்த்தவர் சொன்னார். அவனைத் தூணோடு சேர்த்து இடது பக்கமாக அழுத்தி நின்றுவிட்டது. ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்து அதைப் பின்னால் தள்ளி அவனை விடுவிக்க அரை நிமிடம், கூடிப்போனால் ஒரு நிமிடம்.

நான் போனபோது தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். ரத்தம் கிடையாது. சட்டைகூடக் கிழியவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல மாமா. மூச்சு புடிச்சிருச்சு, அவ்ளோதான்" என்றான். சிரிக்கப் பார்த்தான்.

பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். ஹெல்மெட் என்றுதான் அவரை நாங்கள் சொல்வோம். சாப்பிடும்போதும் அதைக் கழற்ற மாட்டார், தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. குனிந்து அவன் விலாவைத் தொட்டுப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார், எழுந்து நிற்கச் சொன்னார். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து இரண்டடி வைத்தான்.

"நடக்கிறார்ல" என்றார் ஹெல்மெட், என்னைப் பார்த்து.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்டு முடியுமுன் அடிபட்டவனை வெளியே அனுப்பினால் அது விபத்து. ஷிப்டு முழுக்க உள்ளே இருந்து, தன் காலால் நடந்துபோய், வாசலில் இருக்கும் ரேகை மெஷினில் விரலை வைத்துவிட்டுப் போனால் அது முதலுதவி. முதலுதவிக்கு எண் பூஜ்யமாகாது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். ஷூ மாட்டிக்கொண்டு வந்த அம்மாவின் விரல் முறிவும் அப்படித்தான் முதலுதவி ஆனது. ஷிப்டு முடிவது மூன்றரைக்கு.

"டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்றேன். சொன்னேன் என்பது உண்மை. எந்தக் குரலில் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். கடைக்காரர் இன்னும் கொஞ்சம் போடவா என்றால் வேண்டாம் என்று கையை ஆட்டுவோமே, அந்தக் குரல்.

"வேணாம் மாமா" என்றான் அவன். "இன்னும் மூணு நாள்தானே இருக்கு. என்னாலயா கெடணும்? அப்புறம் ஒருத்தன் என் மூஞ்சில முழிப்பானா?"

சுற்றி நின்றவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். யாரோ அவன் தோளைத் தட்டினார். எனக்கும் அந்த நிம்மதி வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

கிடங்கை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. பழைய ரசீதுக் கட்டுகளும் ஒரு மின்விசிறியும் இருக்கும். அங்கே ஒரு நாற்காலியில் அவனை உட்காரவைத்தோம். சும்மா உட்கார்ந்தால் தப்பாகிவிடும் என்று ரீல் சீட்டுகளை எண்வாரியாக அடுக்குகிற வேலை கொடுத்தார் ஹெல்மெட். அப்படியானால் அவன் வேலையில் இருக்கிறான். என்னையும் கூட இருக்கச் சொன்னார். மேடைக்கு வண்ணம் அடிக்கிற வேலை அப்படியே கிடந்தது, அது என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி கேட்டான். சாப்பாட்டு நேரத்தில் நான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, என் மனைவி அவனுக்கென்று தனியாக வைத்திருந்த முட்டையைப் பார்த்துவிட்டு மூடினான். "அக்காகிட்ட சாப்பிட்டேன்னு சொல்லுங்க, இல்லேன்னா உங்களத்தான் திட்டுவா" என்றான்.

ஒரு மணிக்கு மேல் இடது தோள் வலிக்கிறது என்றான். அடிபட்டது வயிற்றுப் பக்கம், வலி தோளில். ரீல் தள்ளியதில் சுளுக்கியிருக்கும் என்று நினைத்து நான் தோளைப் பிடித்துவிட்டேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் சில பேருக்கு அப்படித்தான் தோளில் வலிக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். நான் பிடித்துவிட்டேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு, "அங்கதான் மாமா, அங்கதான்" என்றான்.

இரண்டு மணிக்கு அவன் கை சில்லிட்டிருந்தது. நெற்றியில் வியர்வை. கையிலிருந்த சீட்டுகள் மடியில் சரிந்து கிடந்தன, எடுக்கவில்லை.

"மாமா, போலாமா?"

ஒரே ஒரு தடவைதான் கேட்டான். சத்தமாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் கடைத்தெருவில் நான் யாருடனாவது நின்று பேசிக்கொண்டிருந்தால், சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக் கேட்பான், அதே மாதிரி கேட்டான்.

சுவரில் கடிகாரம் இருந்தது. பார்த்தேன். "இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்டா மாப்ள. பல்ல கடிச்சுக்கோ" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மூன்று இருபதுக்கு நானும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரும் இரண்டு பக்கமும் நின்று அவனைத் தூக்கினோம். கிடங்கிலிருந்து வாசல்வரை நூற்றிருபது அடி இருக்கும். வழியில் மெஷின்காரர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். சிலர் மெல்லக் கை தட்டினார்கள். கால்கள் தரையில் படுகின்றன, அவன் நடக்கிறான், அவ்வளவு போதும். ரேகை மெஷின் முன்னால் வந்ததும் அவன் கை எழவில்லை. நான் அவன் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைப் பிரித்து, கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். விரல் வியர்த்து ஈரமாக இருந்ததால் மெஷின் ஏற்கவில்லை. என் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. மூன்று முப்பத்தொன்று.

ஹெல்மெட் தன் காரைத் தயாராக நிறுத்தியிருந்தார். போகும் வழியில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "வீட்டுப் படியில விழுந்தார்னு சொல்லிடுங்க, பிரச்சனை இல்ல பாருங்க" என்றார். நான் மச்சினனின் தலையை மடியில் வைத்திருந்தேன். "சரி" என்றேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மா சட்டையை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தார். இடது பக்கம் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். வயிறு உப்பியிருந்தது.

"எப்படி ஆச்சு?"

"வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டான்."

"எப்போ?"

"இப்பதான். அரை மணி நேரம் இருக்கும்."

"அரை மணி நேரத்துல இந்த நிறம் வராதுங்க. படியில விழுந்தா இப்படி அடிபடாது. என்ன ஆச்சுன்னு சொன்னாத்தான் நான் எதைத் தேடணும்னு எனக்குத் தெரியும்."

ஹெல்மெட் என் பின்னால் நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் ஒரு நிமிடம் நின்றேன். சுவரைப் பார்த்து நின்றேன். பிறகுதான் சொன்னேன், ரீல், தூண், பதினொன்று பத்து என்று. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டே, "நாலரை மணி நேரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். மண்ணீரல் கிழிந்திருந்தது. பதினொன்றரைக்குக் கொண்டுவந்திருந்தால் சின்ன ஆபரேஷன் என்று பிறகு சொன்னார். ஆறே முக்காலுக்கு அவன் போய்விட்டான்.

ஆபரேஷன் நடக்கும்போது வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில்தான் எனக்குத் தலையில் அடித்தாற்போல் ஒன்று விளங்கியது. ஒரே வண்டியில் வந்த மரம். அதில் அவனைக் காப்பாற்ற வேண்டிய கட்டையை எடுத்து நான் மேடை கட்டினேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தத் தச்சன் பகுதியை நானே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். பிள்ளையைக் கொடுத்த அந்த ராஜாக்களும் கொடூரமான ஆட்களாக இருந்திருக்க மாட்டார்கள். பிள்ளைமேல் பாசம் இல்லாமலும் இருந்திருக்காது. பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்தபோது, இதோ முடிந்துவிடும், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

மனைவியிடம் நான் சொன்னது பாதிதான். ஆலையில் ரீல் இடித்தது, ஹெல்மெட் காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்றேன். மணி சொல்லவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள், "இவரு கூடவே இருந்தாரு. கடைசிவரைக்கும் கைய விடல. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி என் கையைப் பிடித்து, "நீங்க இருந்தீங்களேண்ணா" என்று அழுதாள். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஆலைக்குப் போனேன். ஆறே முக்கால். பலகையில் 998 இருந்தது. நான் வராத நாளில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எல்லாரும் வந்து வரிசையாக நின்றார்கள். மேலாளர், நம் தோழர் வீட்டில் நடந்த துயரச் சம்பவத்தை முன்னிட்டு இரண்டு நிமிடம் மௌனம் என்றார். வீட்டில் நடந்த. ரேகை மெஷினில் மூன்று முப்பத்தொன்று என்று இருக்கிறதே, பிறகு நடந்ததெல்லாம் வெளியே நடந்ததுதான். தலை குனிந்தோம். அத்தனை பேரும் அந்தப் பலகைக்கு எதிரேதான் நின்றிருந்தோம்.

மௌனம் முடிந்ததும் நான் போய் மூன்று தகடுகளையும் கழற்றினேன். கடைசிக் கொக்கியில் பூஜ்யத்தை மாட்டினேன்.

யாரும் கத்தவில்லை. ஹெல்மெட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் வாயைத் திறக்குமுன் ஒட்டுப் பிரிவு அம்மா வரிசையை விட்டு வெளியே வந்தார். இன்றைக்கும் அவருக்கு அந்தக் கால் சரியாக ஊன்றாது. கண்ணெல்லாம் தண்ணீர். என் கையிலிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக வாங்கினார்.

"ஆறு வாரம் அந்த வலியோட வந்தேண்ணா. ராத்திரியில துணிய வாயில வச்சு அடைச்சுக்கிட்டு அழுதேன். அது சும்மாவா போகணும்?"

"அவன் செத்துப்போயிட்டாம்மா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். இப்ப இத எடுத்துட்டா அவன் எதுக்கு உயிர விட்டான்?"

இரண்டு ஒன்பதையும் திரும்ப மாட்டினார், பூஜ்யத்தை எடுத்துவிட்டு, தகட்டுப் பெட்டியிலிருந்து இன்னொரு ஒன்பதை எட்டு இருந்த இடத்தில் வைத்தார். 999. கோணலாக இருந்த தகட்டை நேராக்கினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் விசும்பிக்கொண்டே வந்து பலகையின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் பின்னால் அடுத்தவர். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. எங்களைப் பிடித்து யாரும் கட்டிவைக்கவில்லை. எல்லாரும் நல்ல மனிதர்கள்.

அங்கிருந்து நேராகத் தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்துக்கு நடந்தேன். ஒரு பெண் அதிகாரி எதிரே உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். கட்டை, அட்டை முட்டு, பதினொன்று பத்து, நாற்காலி, விரல் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயருக்கு நேராகவும் குற்றம் வரும், தெரியும்தானே என்று கேட்டார். வரட்டும் என்றேன். படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். அதில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. அதை அந்த அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவி சமையல்கட்டில் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சுத்தமான பாத்திரங்கள்தான். இரண்டு நாளாக அதையே செய்துகொண்டிருந்தாள்.

"உக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அவள் உட்காரவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். ஆய்வாளரிடம் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். கட்டைக் கதை வரும்போது அவள் கை நின்றது. மணி சொன்னதும் கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தாள். விரலைப் பிடித்து வைத்ததைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள்.

தெருவில் ஒருவர் பழைய சாமான் கேட்டுக்கொண்டு போனார். அவர் குரல் தேய்ந்து போகும்வரை காத்திருந்து கேட்டாள்.

"நாலு மணி நேரம் உக்காந்திருந்தான். வாயத் தொறந்து ஒண்ணுமே கேக்கலயா அவன்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவனே வேண்டாம் என்றான் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. பொய் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"ரெண்டு மணிக்குக் கேட்டான். போலாமா மாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்னு."

அவள் தலையை ஆட்டினாள். அவன் ஆட்டியது போலவே ஆட்டினாள், அக்காவும் தம்பியும் அல்லவா.

"அதச் சொல்லும்போது அவன் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"இல்ல."

"எதப் பாத்தீங்க?"

"மணிய."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி, எரியாத அடுப்பின் குமிழை ஒருமுறை திருகிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். தம்பி மனைவிக்குப் போன் செய்வது கேட்டது. "நான் வந்து உன்கூடவே இருந்துர்றேன்மா. ஆமா, இன்னைக்கே. இல்ல, நான் மட்டும்தான்" என்றாள். ஒரு பையில் நான்கு புடவையை வைத்துக்கொண்டு வந்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் நகருங்க" என்றாள்.

நகர்ந்தேன்.